கம்ப்யூட்டர் அறையில் மூச்சுச் சத்தம்

அத்தியாயம் 4

மூன்று நாள் ஒரு பெண்ணின் பின்னாலேயே அலைந்ததில் துப்பறியும் நிபுணர் அறிவுச்செல்வனுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்திருந்தது. துப்பு மட்டும் வரவில்லை.

"அந்தப் பொண்ணு யார்கிட்டயும் பேசல சார்," என்றாள் உதவியாளர் ஓவியா. ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர் சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. "ஸ்கேன் சென்டருக்கு வேலைக்குப் போகுது. சாயந்திரம் பஸ் பிடிச்சு செங்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகுது. நடுவுல ஒரே ஒரு ஆம்பளைகிட்டதான் பேசிச்சு. அவரு பஸ் ஸ்டாண்டுல சமோசா விக்கிறவரு."

"சமோசா விக்கிறவன்னா சந்தேகப்படக் கூடாதா?"

"படலாம் சார். ஆனா அவர்கிட்டயே நீங்களும் வாங்கித் தின்னீங்க. சட்னி கம்மியா இருக்குன்னு சண்டை வேற போட்டீங்க."

அறிவுச்செல்வன் கூலிங்கிளாஸைச் சரிசெய்து கொண்டார். பதில் இல்லாத போதெல்லாம் அவர் செய்கிற காரியம் அது.

வழக்கு இதுதான். ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் ராணியம்மாளுக்கு ஒரு மாடி வீடு. கணவர் காலமாகி விட்டார். கீழே குடும்பம், மேலே வெளியூர்க்காரர்களுக்கு வாடகை அறைகள். அறை கேட்டு வருகிற மெயில்களுக்காக மகன் இனியன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டு பெங்களூர் வேலைக்குப் போய்விட்டான். மருமகள் ஆர்த்தி மாமியாரோடு இருந்தாள். ஆறு மாதமாகக் கம்ப்யூட்டர் நகரவில்லை. ஒரு மெயிலைத் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். போன வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு கூட்டமே அறை கேட்டு எழுதி, பதில் வராமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் ராணியம்மாள் வெடித்தாள். கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்குக் காரணம் மருமகள், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அதில் எவனிடமோ பேசுகிறாள் என்று மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஆர்த்தி ஒரு வார்த்தை பதில் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை இனியன் வருகிறான். அதற்குள் 'அவன்' யார் என்று கண்டுபிடித்துத் தர வேண்டும். இல்லையென்றாலும் ஒரு குடும்பம் பிரியத்தான் போகிறது, கண்டுபிடித்தால் முறையாகப் பிரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராணியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பது வயது தாண்டியவள், நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாவிக்கொத்து.

"வாங்க சார். யாருன்னு தெரிஞ்சிச்சா?"

"நெருங்கிட்டோம்," என்றார் அறிவுச்செல்வன்.

"சமோசா வரைக்கும் நெருங்கிட்டோம்," என்றாள் ஓவியா.

ராணியம்மாள் முன்பக்க அறையின் பூட்டைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"குரங்குத் தொல்லை," என்றாள் அவள். "ஜன்னலைத் திறந்தா ஒரு சீப்பு வாழைப்பழமும் போயிடும்."

அறையில் ஒரு மேஜை, அதன் மேல் பச்சைத் துணியால் போர்த்திய பெரிதும் சிறிதுமான உருவங்கள். கம்ப்யூட்டர் என்று சொன்னதால்தான் கம்ப்யூட்டர் என்று நம்ப முடிந்தது. திரைக்கு ஒரு உறை, பெட்டிக்கு ஒரு உறை, கீபோர்டுக்கு ஒரு உறை. மவுஸுக்குக்கூடக் குழந்தைக் குல்லா மாதிரி ஒன்று இருந்தது.

"நீங்க இன்னா பார்த்தீங்களோ, கேட்டீங்களோ, மறுபடி ஒரு தரம் சொல்லுங்க," என்றார் அறிவுச்செல்வன்.

"ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிச்சா இந்த ரூமுல இருந்து சத்தம் வரும் சார். யாரோ உக்காந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு விடற மாதிரி. கதவு இடுக்குல நீலமா ஒரு வெளிச்சம். நான் சாவி எடுத்து வந்து தொறந்தா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. எல்லாம் போர்த்தினது போர்த்தினபடியே இருக்கும். அதுக்குள்ள ஓடிடுவா."

"பூட்டின ரூமுல இருந்து எப்படிம்மா ஓடுவாங்க?" என்று கேட்டாள் ஓவியா.

"சாவிக்கு இன்னொரு சாவி பண்ணி வெச்சிருப்பா. படிச்சவதானே."

அறிவுச்செல்வன் அதற்குள் மேஜையருகே குனிந்துவிட்டார். நிமிர்ந்தபோது அவர் விரல்களுக்கிடையே, உறையின் ஓரத்திலிருந்து பிடுங்கிய ஒரு சிவப்பு ஹேர்க்ளிப் இருந்தது. மூன்று நாள் சோர்வு முகத்திலிருந்து ஓடிப்போயிற்று.

"இது யாரோடது?"

"ஆர்த்தியோடது," என்றாள் ராணியம்மாள்.

"கம்ப்யூட்டர் மேல ஆர்த்தியோட க்ளிப். போதுமா ஓவியா?"

"போதாது சார். தலையில இருந்து விழுந்த க்ளிப் துணியைக் கடிச்சிக்கிட்டு இருக்குமா?" ஓவியா உறையின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே வரிசையாக இன்னும் சில சிவப்பு க்ளிப்புகள், துணி நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தன. "இந்த க்ளிப்பெல்லாம் யாரும்மா போட்டது?"

ராணியம்மாள் சற்றே தயங்கினாள். "நான்தான். அவ டிராயர்ல நிறைய கிடந்துச்சு. துணி நிக்கல, அதான் எடுத்துக்கிட்டேன்."

அறிவுச்செல்வன் க்ளிப்பை இருந்த இடத்திலேயே மாட்டினார். கூலிங்கிளாஸைச் சரிசெய்தார்.

"இன்னொரு ஆதாரம் இருக்கு சார்," என்றாள் ராணியம்மாள், விடாமல். "போன மாசம் அவ அண்ணன் பிள்ளைக்குக் காது குத்துன்னு செங்கத்துக்குப் போயிருந்தா. அன்னிக்குச் சாயந்திரமும் மறுநாளும் மிஷின் பறந்துச்சு. அவ திரும்பி வந்தா, மறுபடி படுத்துடுச்சு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"இது பாயிண்ட்டு," என்றார் அறிவுச்செல்வன்.

"அப்ப இப்ப ஏன் சார் பறக்கல? அவங்க போயி ஒரு வாரம் ஆச்சே."

"அங்க இருந்தே பண்றா," என்றாள் ராணியம்மாள். "செல்போன்லயே பண்ணலாமாமே."

ஓவியா நெற்றியைச் சுருக்கினாள். "காது குத்துன்னா... பங்குனி உத்திரத்துக்கு அடுத்த வாரமா? சனிக்கிழமை?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும் பாப்பா?"

"அன்னிக்கு இந்த லைன் முழுக்க காலையில இருந்து கரண்ட் கட். ஏதோ பராமரிப்பு வேலை. நம்ம ஆபீஸ்ல ஃபேன் ஓடாம சார் பனியனோட உக்காந்திருந்தாரு, அப்ப பார்த்து ஒரு கல்யாண விசாரணைப் பார்ட்டி உள்ள வந்துட்டாங்க. மறக்க முடியுமா?"

"அதை இப்ப எதுக்குச் சொல்றே?" என்றார் அறிவுச்செல்வன்.

"அன்னிக்கு இந்த வீட்டுல ரெண்டு விஷயம் நடந்திருக்கு சார். மருமக ஊருக்குப் போனாங்க, கரண்டும் போச்சு. அம்மா ஒண்ணைத்தான் கணக்குல எடுத்திருக்காங்க." அவள் இருவரையும் அறைக்கு வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். தானும் வெளியே வந்து நின்றாள். "கொஞ்சம் பேசாம இருங்க. மேல மயில் கத்தறது நிக்கட்டும்."

மயில் நின்றது. சாலையில் ஒரு ஆட்டோ போனது, அதுவும் அடங்கியது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. உஸ்... உஸ்ஸ்... யாரோ மேல்மூச்சு வாங்குவது போல, தெளிவாக.

அறிவுச்செல்வன் தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் வைத்து, துப்பறியும் தொழிலின் கண்ணியத்தை நினைத்து மறுபடி முன்னால் வந்தார்.

"இதே சத்தம்தான்," என்றாள் ராணியம்மாள் மெதுவாக.

"ஆர்த்தி இப்ப ஸ்கேன் சென்டர்ல இருக்காங்க. நாம மூணு பேரும் இங்க இருக்கோம். உள்ள மூச்சு விடறது யாரும்மா?"

ஓவியா கதவைத் திறந்து நேராகப் பெட்டியிடம் போய், க்ளிப்புகளை எடுத்து உறையை உருவினாள். உள்ளே இன்னொரு உறை இருந்தது, பழைய பெட்ஷீட் துணி. அதையும் உருவினாள். பெட்டியின் நெற்றியில் நீல விளக்கு எரிந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள்.

"இட்லிப் பானை தோத்துது. ஓடிட்டு இருக்கும்போதே போர்த்தி வெச்சிருக்கீங்களே?"

"ஓடாம எப்படி? வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்ம ராத்திரிதான் பகலு. ஆஃப் பண்ணிட்டா, லெட்டர் வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடாதா?"

"அப்ப ஆஃபே பண்றதில்லையா?"

"கரண்ட் போனா தானா அமிஞ்சிடும். வந்ததும் போட்டுடுவேன்."

அறிவுச்செல்வன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டிக்குள் இருக்கும் விசிறி சூடு தாங்காமல் சுற்றும் சத்தம்தான் ராத்திரி மூச்சு. துணியைத் தாண்டிக் கசிந்த அதன் விளக்குதான் நீல வெளிச்சம். இரண்டு உறைக்குள்ளே வெந்துகொண்டு, மாதக்கணக்காக ஓய்வில்லாமல் ஓடிய மிஷின். கரண்ட் போன நாள் மட்டும் ஆறி, அணைந்து, புதிதாக எழுந்து பறந்திருக்கிறது. காது குத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதற்காகவா மூன்று நாள் ஒரு பெண்ணின் பின்னால் பஸ் ஏறினோம் என்று நினைத்தபோது அவருக்குக் காது சூடாயிற்று. நாற்பது வழக்குகள் பார்த்தவன் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டிருப்பது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

ஓவியா திரையை உயிர்ப்பித்தாள். பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள்.

திரையின் தலைப்பகுதியில், அந்தக் கரண்ட் கட்டுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு மெயிலும் தனித்தனிப் பக்கமாகத் திறந்தே இருந்தது. எழுத்துகூடத் தெரியாத அளவுக்கு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. போதாததற்கு பாட்டு ஓடும் பக்கம், தினபலன் பக்கம், வானிலை, மலைமேல் தீபம் தெரிகிற படம்.

"பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில நிக்கற கூட்டமாட்டம் இருக்கு," என்றாள். "இவ்வளவையும் திறந்து வெச்சா அது எப்படிம்மா ஓடும்? வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் மூடிட்டுத்தான் எழுந்திரிக்கணும்."

சொன்னதுதான் தாமதம். ராணியம்மாள் பரபரப்பாக முன்னால் வந்து, பச்சை உறையை எடுத்துப் பெட்டியின் தலைவழியே மாட்டி, ஓரத்தை இழுத்துவிட்டு, க்ளிப்பையும் போட்டாள்.

"தெனமும் மூடறேனே பாப்பா. ஒரு நாள் தவறினது இல்ல."

ஓவியாவுக்குக் கேலி எதுவும் வரவில்லை. அறிவுச்செல்வன்தான் முதலில் பேசினார். குரலில் நிபுணர்த்தனம் இல்லை.

"மூடணும்னு உங்ககிட்ட யாரும்மா சொன்னது?"

"அவதான். ஆர்த்தி."

"எப்படிச் சொன்னாங்க? அதே வார்த்தை சொல்லுங்க."

"திறந்தே விட்டா மிஷின் திணறும் அத்தை, வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் மூடிட்டு எழுந்திரிங்கன்னா. தூசி போயித் திணறும்னு சொல்றா போலன்னு, என் பட்டு ஜாக்கெட் துணியைக் கிழிச்சுத் தெச்சேன். அப்புறமும் மெதுவா போச்சு. அவகிட்ட கேட்டேன். மூடறீங்களா அத்தைன்னா. மூடறேனேன்னேன். சரியா மூடலையோன்னு உள்ளுக்கு இன்னொண்ணு தெச்சேன்."

"அவங்க சொன்னது இதைம்மா," என்றாள் ஓவியா. திரையில் ஒரு பக்கத்தின் ஓரத்திலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினாள். அந்தப் பக்கம் காணாமல் போயிற்று. இன்னொன்றை அமுக்கினாள். அதுவும் போயிற்று. "இதுக்குப் பேருதான் மூடறது."

ராணியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஜன்னலோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வேற மாதிரி சொல்லியிருக்கலாமே அவங்க," என்றார் அறிவுச்செல்வன், அவளுக்கு ஒரு வழி விட்டுக் கொடுப்பது போல.

ராணியம்மாள் அந்த வழியில் போகவில்லை. "சொன்னா சார். மொதல்ல டேப்பு, மினிமைஸு, இன்னும் என்னென்னவோ சொன்னா. அப்ப ரூம் பார்க்க வந்தவங்க எதிர்ல உக்காந்திருந்தாங்க. எனக்கு மானம் போயிடுச்சு. தமிழ்ல சொல்லுடின்னு அதட்டினேன். அதனாலதான் மூடுங்கன்னா."

"எதை மூடணும்னு கேட்டிருக்கலாம்."

"கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு நினைப்பாளே. மாமியார் நான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையை எடுக்கவில்லை. "அவளைப் போயி ராத்திரில எவன்கிட்டயோ பேசறான்னு சொன்னேன். என் வாயால. பெத்த பிள்ளைகிட்ட. விசிறி சத்தத்தைக் கேட்டுட்டு சொன்னேன்."

ஓவியா மிஷினை முறையாக அணைத்து, பெட்டியின் பக்கத்தைத் திறந்து, விசிறியில் சுற்றியிருந்த பச்சை நூல் பிசிறுகளை எடுத்தாள். ஜன்னலைத் திறந்தாள். குரங்கு வந்தால் வரட்டும் என்று நினைத்தாள். சற்று ஆறவிட்டு மறுபடி போட்டதும் திரை சட்டென்று விழித்துக்கொண்டது. தட்டுவதற்கு முன்பே மெயில் திறந்தது. இதைப் பார்த்து மகிழ வேண்டியவள் திரும்பியே பார்க்கவில்லை.

"அவளுக்குப் போன் போட்டுக் குடு பாப்பா," என்றாள்.

ஓவியா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுங்க அத்தை." ஆர்த்தியின் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"ஆர்த்தி, மிஷின் மெதுவா போனது என்னாலதாம்மா. நீ மூடச் சொன்னதை நான் தப்பா புரிஞ்சிக்கிட்டேன். நான் துணியைப் போட்டு மூடினேன்."

"துணியைப் போட்டா?"

"ஆமாம்மா. உன் க்ளிப்பு கூட எடுத்துக்கிட்டேன்."

"அந்த உறையை நான் பார்த்தேன் அத்தை. ஆஃப் பண்ணிட்டுப் போர்த்தறீங்கன்னு நினைச்சேன்."

"ராத்திரி சத்தமும் மிஷினோடதுதான். நீ ஒண்ணும் பண்ணல. நான் சொன்னது அத்தனையும் தப்பு. மன்னிச்சிடும்மா."

"ஒண்ணு கேக்கறேன் அத்தை. என் பின்னாடி ஆள் அனுப்பினீங்களா?"

ராணியம்மாள் அறிவுச்செல்வனைப் பார்த்தாள். அறிவுச்செல்வன் தரையைப் பார்த்தார்.

"கோட்டு போட்டுக்கிட்டு, கூலிங்கிளாஸோட ஒரு ஆளு," என்றாள் ஆர்த்தி. "மூணு நாளா பஸ்ல எனக்குப் பின்னாடி சீட்டு. சமோசாக் கடைக்காரரே சொன்னாரு, பாத்துப் போ பாப்பா, அந்தாளு சரியில்லன்னு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஓவியா இதை ஒரு வருஷத்துக்கு வைத்துக் கலாய்த்திருப்பாள். இன்றைக்கு அவளும் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனவள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அனுப்பினேன்மா," என்றாள் ராணியம்மாள்.

"சரி. என்கிட்ட சொல்லிட்டீங்க. அன்னிக்கு உங்க பிள்ளைகிட்டதானே என்னைப் பத்திச் சொன்னீங்க. அவர்கிட்டயும் இதைச் சொல்லுங்க. இப்பவே அவரை லைன்ல சேத்துக்குங்க, நான் கேக்கணும். நான் இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க."

ராணியம்மாள் ஓவியாவுக்குத் தலையசைத்தாள். ஓவியா தயங்கிவிட்டு, இனியனின் எண்ணைச் சேர்த்தாள். இரண்டாவது ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"என்னம்மா, ஆள் சிக்கிட்டானா?" என்றான் இனியன். "எனக்கு அப்பவே தெரியும். அந்த டிடெக்டிவ் ஆளு கெட்டிக்காரன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான், அதான் உனக்கு நம்பர் குடுத்தேன். யாரும்மா அவன்? ஸ்கேன் சென்டர்ல வேலை செய்யறவனா?"

அறிவுச்செல்வன் எழுந்து நின்றுவிட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தக் கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். மனைவியைப் பின்தொடர ஏற்பாடு செய்தவனே புருஷன்தான் என்பது அவருக்கே புதுச் செய்தி. இதைக்கூட விசாரிக்காமல் வழக்கை எடுத்திருக்கிறோம் என்று மனம் கூசியது.

லைனின் இன்னொரு முனையில் ஆர்த்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவனும் இல்ல, எவனும் இல்லப்பா," என்றாள் ராணியம்மாள். "அவ யார்கிட்டயும் பேசல. எனக்கு மிஷின் ஓட்டத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அவ மேல பழியைப் போட்டேன். நீ ஒரு வார்த்தை அவகிட்ட கேட்டிருக்கலாம் இனியா. கேக்காமயே நம்பிட்ட."

"என்னம்மா சொல்றே? நீதானே..."

"நான் சொன்னா நீ நம்பிடறதா?"

இனியன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அதற்குள் ஆர்த்தியின் குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை நீங்க திருவண்ணாமலை வர வேணாம். செங்கம் வாங்க. என் பின்னாடி ஆள் விட்டதை என் அப்பா அம்மா எதிர்ல சொல்லுங்க. அப்புறம் நான் யோசிக்கிறேன்."

"ஆர்த்தி, நீ லைன்ல இருக்கியா?" என்றான் இனியன். லைனில் ஆர்த்தி இல்லை. சற்றுக் கழித்து அவனும் வைத்துவிட்டான்.

ராணியம்மாள் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். விபூதி கரைந்திருந்தது, மறுபடி இட்டுக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சந்து வழியாகச் செங்கம் சாலைக்கு நடந்தாள். துப்பறியும் நிபுணரும் உதவியாளரும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் வந்தார்கள்.

"செங்கத்துக்கு நானும் வரட்டுங்களாம்மா?" என்றார் அறிவுச்செல்வன். "நான் பின்னாடி போனதுக்கு நானும்தான் மன்னிப்பு கேக்கணும்."

"நீங்க அப்புறம் வந்து சொல்லுங்க சார். மொதல்ல சொல்ல வேண்டியது நான்."

"ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னாங்க," என்றாள் ஓவியா.

செங்கம் பஸ் வளைவில் திரும்பி வந்தது. ராணியம்மாள் சாலைக்கு இறங்கிக் கையைக் காட்டினாள்.

"அது வரைக்கும் இந்த முகத்தை வெச்சிக்கிட்டு நான் எப்படி பாப்பா அந்த வீட்டுல இருக்கறது?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.